மிச்சத்த வீட்ல போய்ப் பாடு

அந்த வீட்டு வாஷிங் மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் கையை விட்டிருந்தேன். உள்ளே ஒரு சின்னக் காலுறை சிக்கியிருந்தது. அதைச் சுற்றி முடியும் சோப்புக் கசடும் திரண்டு வழவழவென்று கிடந்தது. பதினெட்டு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். ஆனாலும் அந்தக் கசடு விரலில் படும்போது இன்னும் குமட்டும்.

கூடத்தில் அந்த வீட்டு அம்மா போனில் யாரையோ பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டுகொண்டே போனது. அவருடைய மகளுக்கு ஆறு வயதுகூட இருக்காது. அது அம்மாவின் முன்னால் போய் நின்று, மூக்கில் இல்லாத கண்ணாடியைக் கழற்றுவதுபோல் விரலை ஆட்டி, "டொய்ங்ங்! போதும் தாயே, மிச்சத்த வீட்ல போய்ப் பாடு!" என்றது. அதோடு விட்டதா? "மே...ஏ...ஏ" என்று ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு கத்தல் வேறு. அந்த அம்மா போனை மார்பில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

என் கையில் இருந்த கசடைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. காலுறையை உருவித் தரையில் போட்டுவிட்டுத் தகட்டை மாட்டினேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் கிளம்பினேன்.

அந்தக் குழந்தை பிறப்பதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே நின்றுபோன நிகழ்ச்சி அது. பெயர் 'மணி அடிக்கும் வரை'. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நேரடி ஒளிபரப்பு. யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். பாடலாம், ஆடலாம், பல்லால் நாற்காலி தூக்கலாம். நடுவருக்குப் பிடிக்கவில்லையென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். அடுத்த நொடி எங்கிருந்தோ மணி ஒலிக்கும். வந்தவர் இறங்கிப் போய்விட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் தெருவில் ஈ காக்கை இருக்காது. நடுவர் மேசைக்கு அடியில் காலால் ஒரு கட்டையை மிதித்து மணி அடிக்கிறார் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

மண்ணாங்கட்டி. அடித்தது நான்.

மணி என்று பெயர்தானே ஒழிய, அது என் மார்பளவு அகலமுள்ள ஒரு வெண்கலத் தட்டு. திரைக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் தொங்கும். அதன் பக்கத்தில் துணி சுற்றிய சுத்தியலோடு நான் நிற்பேன். இயக்குநர் எனக்கு வைத்த பெயரே சுத்திதான். திரையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக நடுவரின் வலது காதும் வலது கையும் மட்டும் தெரியும். அந்தக் கை கண்ணாடிக்குப் போனால் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, மாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தாலும் செய்துவிடும்.

ஆனால் அதிலும் ஒருமுறை கோட்டை விட்டேன். முதல் மாதத்தில் வயதான ஒருவர் வந்து பாடினார். எனக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போய், ஆவென்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றதில் மணி மூன்று விநாடி தாமதமாக ஒலித்தது. நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து வீசினார். "நீ ரசிகன் இல்லடா. சுத்திக்குக் காது எதுக்கு? அடைச்சுக்கோ!" என்றார். அன்றிலிருந்து இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நின்றேன். மேடையில் யார் என்ன பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. கையைப் பார்ப்பேன், அடிப்பேன்.

அப்படி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். பத்தொன்பது வயது. தனியாகத் தோள்பையோடு வந்திருந்தாள். வாசலில் என்னைப் பார்த்து, "அண்ணா, தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். அவள் மேடையேறினாள். நான் கிழிசலில் கண்ணை வைத்தேன். ஏழே விநாடியில் நடுவரின் கை கண்ணாடிக்குப் போனது. கண்ணாடி கழன்றது. ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றியது கண்ணைத் துடைக்க. அந்தக் குரலைக் கேட்டு மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மணி ஒலித்ததும் அவரே திடுக்கிட்டுப் போயிருக்கிறார். நேரடி ஒளிபரப்பு. நாடே பார்க்கிறது. "ஐயோ, தப்பா அடிச்சிட்டாங்க" என்று சொன்னால் அடிப்பது அவரில்லை என்று வெளியே தெரிந்துவிடும். ஒரு நொடி யோசித்துவிட்டு, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சிரித்தபடி சொன்னார்: "போதும் தாயே, மிச்சத்த வீட்ல போய்ப் பாடு."

அரங்கம் இடிந்து விழுவதுபோல் கைதட்டல். எனக்குப் பஞ்சையும் மீறிக் கேட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் நடுவர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கண்ணத் தொடைக்கத்தான்டா கழட்டினேன். என்ன குரல்டா அது... பாவி, கெடுத்துட்டியேடா."

"அந்தப் பொண்ணு இன்னும் வாசல்லதாங்க நிக்குது ஐயா. போய்ச் சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்றது? மணிய அடிக்கிறது நான் இல்லன்னா? அடுத்த வாரம் கூப்பிட்டுப் பாட வெச்சுக்கலாம். நீ வாயத் தொறக்காத."

அடுத்த வாரம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த கூட்டமெல்லாம் ஒவ்வொரு முறை மணி ஒலித்ததும் அந்த வசனத்தை நடுவரோடு சேர்ந்து கோரஸாகக் கத்தியது. அதை வைத்தே நிகழ்ச்சி இன்னும் பத்து வருடம் ஓடியது. எனக்கு வேலை நிரந்தரமானது. நானும் வாயை மூடிக்கொண்டேன். யோக்கியன் மாதிரி அடுத்தவனைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனாலும் திட்டுவேன்.

ஏனென்றால் அந்த வசனம் நின்றபாடில்லை. சட்டசபையில் ஓர் அமைச்சர் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான். கால்பந்து வர்ணனையாளர் சிவப்பு அட்டை வாங்கியவனைப் பார்த்து "மிச்சத்த வீட்ல போய் ஆடு" என்றார். குக்கர் விளம்பரத்தில் விசில் நிற்காமல் கத்த, மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு அதையே சொன்னாள். மூன்று படத்தில் காமெடியன்கள் பொம்பளை வேஷம் போட்டு வாயைப் பிளந்துகொண்டு வந்தார்கள். பெரிய படிப்பாளி ஒருவர், இந்த வசனம் சாதாரண மக்களின் கலகக் குரல் என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினார். தூ! என்ன கலகத்தைக் கண்டார் அந்த மனிதர்? ஒரு சின்னப் பெண்ணை மேடையிலிருந்து விரட்டியதில் என்ன கலகம் இருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலே, என் மைத்துனனின் முதலாளி இறந்தபோது நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர் கொஞ்சம் நீட்டிப் பேசிவிட்டார் என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் "டொய்ங்" என்றான். இறந்தவரின் மனைவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டது. மனுஷ ஜென்மங்களா இவர்கள்?

போன் வந்த பிறகு இன்னும் மோசம். அந்தப் பெண் வாயைத் திறந்து, கண்ணைப் பாதி மூடியிருக்கும் ஒரு நொடியை எவனோ வெட்டியெடுத்துப் படமாக்கினான். இன்னொருவன் அவள் குரலை எடுத்துவிட்டு ஆட்டுச் சத்தத்தைச் சேர்த்தான். இன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆடுதான். அவள் பாடிய ஏழு விநாடியை அதற்கப்புறம் ஒருத்தரும் திரும்பக் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். ஒலிப்பதிவுக்காரர் ஒருநாள் பழைய டேப்பைப் போட்டுக் காட்டினார். பஞ்சில்லாத காதோடு கேட்டேன். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

நிகழ்ச்சி நின்ற பிறகு மணியடித்தது நான் என்று ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. தப்பாக அடித்தது மட்டும் யாருக்கும் தெரியாது. நடுவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனைவி மாடிப்படியில் எதிர்ப்படுகிற எல்லாரிடமும் "அந்த மணிய அடிச்சது எங்க வீட்டுக்காரர்தாங்க" என்று பெருமையடிப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்குவேன்.

போன மாதம் சேனலிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நிகழ்ச்சி ஆரம்பித்து முப்பது வருடமாம், சிறப்பு நிகழ்ச்சியாம்.

"சார், நீங்களே வந்து மணி அடிக்கணும் சார். அந்த ஆட்டம்மாவக் கண்டுபிடிச்சிட்டோம்! அவங்களும் வர்றாங்க. அதே பாட்டு, அதே ஏழாவது செகண்டு, டொய்ங்! சூப்பரா இருக்கும் சார்."

ஆட்டம்மா. அவருக்கு அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

"அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க பாக்டரியே சேந்து அனுப்புது சார். செம ஜாலியான அம்மா."

போனை வைத்துவிட்டு அன்று பூராவும் யோசித்தேன். இருபத்தொன்பது வருடமாக ஒரு பெண் தனக்குப் பாட வராது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அது பொய் என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நானும் அந்த ஒலிப்பதிவுக்காரரும்தான். அவருக்கு இப்போது ஞாபகமே இல்லை. நான் போய்ச் சொல்லாவிட்டால் அந்த உண்மை என்னோடு மண்ணுக்குள் போய்விடும். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மனைவிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எனக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தாள்.

ஸ்டுடியோ ஒரு பெரிய கொட்டகை. எங்கள் வெண்கலத் தட்டை எங்கேயோ தேடிப் பிடித்துப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். நடுவர் நாற்காலியில் உட்கார ஒரு சினிமாப் பையன், முகத்தில் சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி. பார்வையாளர்களுக்கு அட்டை ஆட்டு முகமூடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அந்தத் தயாரிப்புப் பெண் என் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, "நாங்க 'அடிங்க'ன்னு சொன்னா அடிங்க சார்" என்றாள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் ஒப்பனை அறைக்குப் போனேன்.

அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மடியில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது. நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். எனக்கு அந்த வாசலில் நின்ற பெண்ணின் முகம் சட்டென்று கிடைக்கவில்லை. கண்ணைப் பார்த்த பிறகுதான் கிடைத்தது.

"நீங்கதான் மணியடிச்சவரா? வாங்க வாங்க, உக்காருங்க!" என்றார். கட்டைக் குரல். பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசினார். அவரே சிரித்துக்கொண்டு, "கத்துறேன்னு நெனைக்காதீங்க. பிஸ்கட் பாக்டரியில பேக்கிங் ஹால் சூப்பர்வைசர். எட்டு மணி நேரமும் மெஷின் சத்தத்துக்கு மேல கத்தணும். எடுத்துக்கோங்க, ஒடஞ்ச பிஸ்கட்டுதான், ருசி அதேதான்" என்று டப்பாவை நீட்டினார்.

ஒன்றை எடுத்துக்கொண்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

"சேனல்காரங்களுக்கு உங்கள எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"போன வருஷம் எவளோ அந்தப் படத்தையும் என் மூஞ்சியையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டா. அவ்வளவுதான். இப்பல்லாம் ஷிப்டு முடிஞ்சு மணியடிச்சா நூத்தம்பது பேரும் என்னப் பாத்து மே-ன்னு கத்துவாங்க."

"கோவம் வராதா?"

"ஆரம்பத்துல வந்துச்சு. அப்பறம் யோசிச்சேன், அவங்க மேல என்ன தப்பு? எனக்குப் பாட வரல. வரலன்னு ஏழு செகண்டுல சொல்லிட்டாங்க, நானும் நிறுத்திட்டேன். நல்லதாப் போச்சு. வரலன்னே தெரியாம காலம் பூரா பாடி அடுத்தவங்க உயிர வாங்குறவங்க எத்தன பேரு இருக்காங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நடிப்பே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிழிசல், பஞ்சு, கண்ணாடி, கண்ணீர், அறைக்குள் நடுவர் சொன்னது, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். டப்பாவின் மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

"அவரு அழுதாரா?"

"அழுதாரும்மா. அவர் வாயாலயே சொன்னாரு."

"என் பாட்டக் கேட்டா?"

"உங்க பாட்டக் கேட்டுத்தான்."

"நீங்க கேட்டீங்களா?"

"அன்னைக்குக் காதுல பஞ்சு. அப்பறம் டேப்புல கேட்டேன். அந்த மாதிரி ஒரு குரல நான் வேற எங்கயும் கேட்டதில்லம்மா."

அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு பேசியபோது முதல் தடவையாகக் கத்தாமல் பேசினார்.

"என் பொண்ணு தொட்டில்ல கெடந்து அழுதப்பகூட நான் ஒரு தாலாட்டுப் பாடலிங்க. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடுமோன்னு ரேடியோவத் திருப்பி வெப்பேன்."

அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆனால் அவர் என்னைத் திட்டவில்லை. முதுகு நிமிர்ந்தது. முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஒப்பனைக்காரி வந்து பவுடர் போட்டபோது அவர் கண்ணை மூடி, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். ஒப்பனைக்காரி போன பிறகு, "அப்ப எனக்குப் பாட வந்திருக்கு, இல்ல?" என்று கேட்டார்.

"வந்துச்சும்மா."

"அது போதுங்க. இன்னைக்கும் ஏழு செகண்டுதானாம். மொத அடி மட்டும் பாடிப் பாத்தாப் போதும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒரு வாரமா குளிக்கிறப்ப அத மட்டும் பாடிப் பாத்தேன், சுமாரா வருது. அந்த ஏழு செகண்ட நான் பாத்துக்கறேன். நீங்க பாட்டுக்கு அடிங்க, என்ன?"

தலையாட்டினேன். காதில் பஞ்சு இல்லாமலே அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

திரைக்குப் பின்னால் போய் நின்றேன். இந்தத் திரையில் இடைவெளி பெரிது, மேடையும் முன்வரிசையும் நன்றாகத் தெரிந்தன. என் மண்டைக்குள் வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. நான் அடிக்கப் போவதில்லை. பாடட்டும், முழுப்பாட்டையும் பாடட்டும். ஆட்டு முகமூடி போட்ட இந்தக் கூட்டம் வாயடைத்துப் போகட்டும். இருபத்தொன்பது வருடத்து அழுக்கை ஒரே நாளில் கழுவிவிடலாம். என் மனைவி, மைத்துனன், அந்த அமைச்சர், கலகக்காரப் படிப்பாளி எல்லாரும் கேட்கட்டும். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. சீ, எழுதும்போதே கூசுகிறது.

அவர் மேடைக்கு வந்தார். முகமூடிகள் எழுந்து மே-என்று கத்தின. பின்னணி இசை ஆரம்பித்தது. அவர் கண்ணைப் பாதி மூடிப் பாடினார்.

முதல் அடி. என்ன சொல்வது? அந்தக் கட்டைக் குரலுக்குள்ளிருந்து அந்தப் பழைய குரல் எட்டிப் பார்த்தது. முன்வரிசையில் ஒருத்தன் முகமூடியைக் கழற்றினான். கொட்டகை அமைதியானது. ஏழு விநாடி. சினிமாப் பையன் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றினான். காதில் "அடிங்க" என்றார்கள்.

நான் சுத்தியலைக் கீழே இறக்கினேன்.

மணி வருமென்று அவர் நிறுத்தியிருந்தார். வரவில்லை. இசை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். சினிமாப் பையன் கண்ணாடியை மாட்டி மறுபடி கழற்றினான். கூட்டம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் அவர் இரண்டாவது அடியைப் பிடித்தார். அது மேலே போகிற அடி. அந்தத் தொண்டை இருபத்தொன்பது வருடமாகப் பாடியதில்லை. மெஷினுக்கு மேலே கத்தியிருக்கிறது, அவ்வளவுதான். பாதியில் குரல் பிளந்தது. பிடித்துக் கீழே கொண்டுவரப் பார்த்தார், சுருதி விட்டுப்போனது. அடுத்த வரி ஞாபகம் வராமல், முதல் வரியின் வார்த்தைகளையே அந்த மெட்டில் போட்டுப் பாடினார். எங்கேயோ ஒரு சிரிப்பு. அப்புறம் இன்னொன்று. கழற்றியவன் முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். பிறகு கொட்டகை முழுக்க மே-என்று கத்த ஆரம்பித்தது.

நான் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். இப்போது அடித்தால் அவமானம், அடிக்காவிட்டால் அதைவிட அவமானம். காதில் "விடுங்க சார், விடுங்க, பாடட்டும்! செமயா இருக்கு!" என்று அந்தத் தயாரிப்புப் பெண் கத்தினாள். இடைவெளியில் பார்த்தேன். அவர் பாடிக்கொண்டே என் பக்கம் பார்த்தார். கெஞ்சினார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஓங்கி அடித்தேன்.

"போதும் தாயே..." என்று சினிமாப் பையன் ஆரம்பிக்க, மிச்சத்தை ஐந்நூறு பேர் சேர்ந்து முடித்தார்கள்.

தயாரிப்புப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "சார், நீங்க ஜீனியஸ் சார்! ஏழு செகண்டுல அடிச்சிருந்தா இது கெடச்சிருக்குமா? அம்பத்திரண்டு செகண்டு! இதுக்கு ஆட்டுச் சத்தமே சேக்க வேணாம் சார்!"

அவள் கையை உதறினேன். அவளுக்கு அதுவும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவர் பின்பக்க நடையில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்திருந்தார். சேனல் கார் வரக் காத்திருந்தார். பவுடர் கன்னத்தில் கோடு கோடாகக் கலைந்திருந்தது. மடியில் அந்த டப்பா.

"அம்மா, நீங்க முழுசாப் பாடணும்னுதான் நான்..."

"நான் ஒங்களக் கேட்டேனா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். வெளியே கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்து, டப்பாவைப் பையில் வைத்தார். இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றார்.

"நீங்க வந்து சொன்னதுலேருந்து மேடையேறுற வரைக்கும், ஒரு மணி நேரம், நான் நல்லாப் பாடுறவளா இருந்தேங்க. ஏழாவது செகண்டுல நீங்க அடிச்சிருந்தா, சாகுற வரைக்கும் அப்படியே இருந்திருப்பேன்."